பேதாசலம்

சூளை வீட்டை விற்கும்போது
பரண்மேல் பிஸ்கட் டப்பாவில் அவர் இருந்தார்.
பாதி முகத்தைச் செல் தின்றிருந்தது.
தொப்பியை விட்டுவைத்திருந்தது.
கூடவே ஒரு மணியார்டர் துண்டு, ரூபாய் பதினெட்டு.
நம்பர் உண்டு, ஊர் இல்லை.
ஊர் இருந்த இடத்தில் தணிக்கைக்காரனின் மை.
அதன்கீழ் பென்சிலில்:
'எட்டு வீட்டுக்கு. பத்து அங்கே கொடு.'
அங்கே என்றால் வட்டிக்கடை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு அண்ணன். எனக்குப் பெரியப்பா. வேதாசலம்.
லாரி ஓட்டப் போனார், பர்மாவில் செத்தார்.
இந்த ஐந்து சொல்லுக்குமேல்
அப்பா எங்களுக்குத் தந்ததில்லை.

முதலில் பூந்தமல்லி பஸ் ஏறி
நந்தம்பாக்கம் கல்லறைக்குப் போனேன்.
கத்தரித்த புல். ஒரே உயரக் கற்கள்,
பள்ளிக்கூடத்துக் காலை வரிசை மாதிரி.
பெயர் பெயராகக் குனிந்து நிமிர்ந்தேன்.
தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் கேட்டார்:
"இந்து ஆளா?"
ஆமாம்.
"அப்ப கல்லு இருக்காதும்மா, எரிச்சிருப்பாங்க.
பேரு மட்டும் எங்கியாவது தூண்ல இருக்கும்.
வெயில்ல நிக்காத, தண்ணி குடி."

வங்கியில் முப்பத்தொரு வருஷம்
கையெழுத்து ஒத்துப்பார்த்தவள் நான்.
ஒரு சுழி பிசகினால் காசோலையைத் திருப்பியவள்.
வேதாசலத்தை வேதாசலமாகவே தேடினேன்.
ஏழு பேர் வந்தார்கள்.
ஒருவர் சமையல். ஒருவர் கோவேறு கழுதை மேய்த்தவர்.
ஒருவருக்கு அப்பா பெயரே இல்லை,
அவரை எடுத்துக்கொண்டுவிடலாமா என்றுகூட
ஒரு ஞாயிற்றுக்கிழமை யோசித்தேன்.

வடக்கத்திக் குமாஸ்தா எவனோ
'வே'யைக் கேட்டுப் 'பே' எழுதியிருப்பான் என்று
பதினோரு மாதம் கழித்து
கரண்ட் போன ஒரு ராத்திரியில் தோன்றியது.
விசிறியைக் கீழே வைத்தேன்.

பேதாசலம்.
இருந்தார்.

லாரி டிரைவர். வயது இருபத்துமூன்று.
ரங்கூனுக்கு வடக்கே ஒரு தூணில்
இத்தனையாவது முகம், இத்தனையாவது பத்தி.
எங்கே எரித்தார்கள் என்று இல்லை,
எரித்தார்கள் என்றுகூட இல்லை.
சூளை துளசிங்கத்தின் மகன். சரி.
ராயபுரம் ஞானப்பூவின் கணவன்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன்.

எங்கள் வீட்டில் அவர் கல்யாணம் ஆகாதவர்.
ஒவ்வொரு போகிக்கும் படையலில்
அவருக்கென்று தனி இலை, ஒரு வேட்டி, இரண்டு சிகரெட்.
"பொண்ணு பாக்கறதுக்குள்ள போயிட்டான்" என்று
கற்பூரம் ஏற்றும்போது அப்பா சொல்வார்,
கொஞ்சம் அதிகச் சத்தமாக.

பன்னிரண்டு வயதுப் பையன்.
கால்சட்டைப் பையில் பத்து ரூபாய்.
யானைகவுனி தாண்டி, தங்கசாலை தாண்டி,
மீன்வாடை அடிக்க ஆரம்பிக்கும்வரை நடந்திருப்பான்.
கதவு திறந்தவள் உள்ளே கூப்பிட்டிருப்பாளா?
அவன் மாட்டேன் என்றிருப்பானா?
எத்தனை மாசம்?
தந்தி வந்த பிறகும்
ஒருமுறையாவது வெறுங்கையோடு போனானா?

ராயபுரம் போனேன்.
பதிவில் இருந்த சந்தில் டயர் கடை.
கோயில் அலுவலகத்தில் ஏட்டைப் புரட்டியவர்
"ஞானப்பூ நாலு பேர் இருக்காங்க" என்றார்.
"உங்களுக்கு எது?"

படையலுக்கு இன்னும் இரண்டு நாள்.
வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில்
வேட்டி எடுத்தேன், எட்டு முழம்.
பில் போடப் போனவள் திரும்பிப்
புடவைப் பக்கம் வந்தேன்.

"யாருக்கும்மா?"
"பெரியம்மாவுக்கு."

வாயில் அந்தச் சொல்
பல் கட்டிய முதல் நாள் போல இருந்தது.

"வயசு என்ன இருக்கும்?"

பூப்போட்ட அடுக்குக்கும்
வெளிறிய அடுக்குக்கும் நடுவே
கையை வைத்தபடி
பையன் நின்றுகொண்டிருந்தான்.